முடிப்புக்குள் போன தோட்டம்

பெருமாளை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இதை எழுதிவிட வேண்டும் என்று எத்தனையோ புரட்டாசி நினைத்திருக்கிறேன். மூன்றாம் சனிக்கிழமை தளிகை போட்டு, மாவிளக்கு ஏற்றி, வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு நோட்டை எடுப்பேன். இரண்டு வரி எழுதுவேன். அதற்கு மேல் கை ஓடாது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவேன். அப்படியே தலை நரைத்து, பல் போய், இப்போது காலை மடக்கித் தரையில் உட்காரவும் முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் மூன்றாவது வகுப்பு, அதற்குப் பிறகு தெலுங்கில் இரண்டு வருஷம். என் படிப்பு அவ்வளவுதான்.

என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். புத்தூர், நகரி, பிச்சாட்டூர் பக்கம் பிறந்து, ஆந்திர ராஜ்யம் பிரிந்த காலத்தில் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்தவர்களுக்கு. நம் வீட்டுப் பெரியவர்கள் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று சாவடியில் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நமக்கு அதெல்லாம் என்ன? நமக்கு வேறு கவலைகள் இருந்தன. எனக்கு இருந்த கவலை ஒரு தபால்தலை.

எங்கள் வீட்டில் நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, அம்மா, நான். கூடவே நைனாவின் தங்கை, அதாவது என் அத்தையும், அத்தை மகளும் இருந்தார்கள். அத்தை மகளுக்கும் எனக்கும் எட்டு மாதம்தான் வித்தியாசம். அவள் மூத்தவள். ஒரே பாயில் படுப்போம், ஒரே தட்டில் சாப்பிடுவோம். மாமா ஊரில் இல்லை. எங்கள் பக்கத்து ஜமீன் தோட்டத்தில் அவர் தோட்டக்காரராக இருந்தவர். ஜமீன் எடுபட்டதும் தோட்டம் பாழாய்ப் போயிற்று. மல்லிகைப் பந்தலில் ஆடு மேய்ந்தது. ஒட்டு மாங்கன்று வாங்க அங்கே வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், மாமாவின் கை வேலையைப் பார்த்துவிட்டு, கப்பல் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மலேயா என்பார்கள், பினாங்கு என்பார்கள். எங்கள் ஊருக்கு இரண்டும் ஒன்றுதான். அத்தை மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளுக்கு அப்பா முகம் தெரியாது. போட்டோ என்று ஒன்றும் கிடையாது.

மாமா கப்பலேறின அன்று அத்தை ஒரு முடிப்பு முடிந்து வைத்தாள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் நம் பேரப்பிள்ளைகள் படித்தால் தெரியட்டும். ஒரு துண்டு துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, அதில் ஒரு வெள்ளி ரூபாயும் ஒரு மஞ்சள் கிழங்கும் வைத்து, பெருமாளை வேண்டிக்கொண்டு இறுக்க முடிந்துவிடுவது. வேண்டுதல் பலித்ததும் திருப்பதி மலைக்குக் கொண்டுபோய் அப்படியே உண்டியலில் போட வேண்டும். நடுவில் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் வேண்டுதல் அவிழ்ந்துவிடும். அத்தையின் வேண்டுதல் மாமா நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்பது. முடிப்பு சாமி மாடத்தில், பெருமாள் படத்துக்குப் பின்னால் இருந்தது. அதைத் தொடும் உரிமை அத்தைக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்ப வைப்பாள்.

ஆந்திரா பிரிந்த பிறகு ஒரு புரட்டாசியில் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. தபால்காரர் தெலுங்கர். தெருக் கோடியிலேயே "சீமை உத்தரம் ஒச்சிந்தி" என்று கத்திக்கொண்டு வருவார். சீமைக் கடிதம் வந்திருக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவள் நான்தான். அத்தை மாமாவின் கடிதங்களை என்னிடம்தான் கொடுப்பாள். அந்தக் கடிதத்தில் மாமா யாரையோ வைத்து எழுதியிருந்தார்.

"இந்தக் கவரில் ஒட்டியிருக்கும் ஸ்டாம்பைக் கிழிக்காமல் எடுத்து வைக்கவும். நான் வேலை செய்யும் மாளிகைத் தோட்டம் இதுதான். தோட்டம் போட்டு நூறு வருஷம் நிறைந்ததற்காக இந்த ஊர் சர்க்கார் அச்சிட்டது. பெரிய மரத்தடியில் பார்க்கவும். குழந்தைக்குக் காட்டவும்."

நான் வாசிக்க வாசிக்க அத்தை மகள் கவரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அத்தை அதைச் சுடுதண்ணீர்ச் சட்டியின் ஆவியில் காட்டிப் பக்குவமாகத் தபால்தலையை எடுத்தாள். இன்னும் அந்தப் பசை வாசனை என் மூக்கில் இருக்கிறது. சோற்றுக் கஞ்சி மாதிரியும் இருக்கும், மருந்து மாதிரியும் இருக்கும்.

வெற்றிலை நுனியளவு தாள். ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தது. பச்சையும் நீலமுமாக ஒரு தோட்டம். நடுவில் பாதை, பாதைக்கு இரண்டு பக்கமும் குடம் கவிழ்த்த மாதிரி வெட்டிவிட்ட செடிகள், தூரத்தில் தூண் வைத்த வெள்ளை மாளிகை. வலது பக்கம் குடை மாதிரி ஒரு பெரிய மரம். அதன் குறுக்கே முத்திரைக் கோடுகள் கறுப்பாக வளைந்து வளைந்து போயின. மரத்தடியில் ஒரு புள்ளி இருந்தது. கடுகில் பாதி.

"இதோ எங்க நைனா!" என்றாள் அத்தை மகள்.

"எங்கடி?"

"மரத்தடியில பாரு. தலையில துண்டு கட்டிக்கினு குந்திகினு கீறாரு."

நான் பார்த்தேன். எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. ஆனால் அவள் சொல்லச் சொல்ல எனக்கும் துண்டு தெரிய ஆரம்பித்துவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"செடிய ஏன்டி சட்டி மாதிரி வெட்டி வெச்சிகீறாங்க?" என்று அதில் குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தேன்.

"அது ராஜா ஊட்டுத் தோட்டம். அங்க அப்பிடித்தான்" என்றாள், அங்கேயே பிறந்தவள் மாதிரி.

பிஸ்கோத்து சுற்றி வந்த ஒரு கண்ணாடித்தாள் அவளிடம் இருந்தது. தபால்தலையை அதில் மடித்து, பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டாள். அந்தத் தாளைப் பிரிக்கும்போது மொறுமொறு என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் தெருப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். பார்க்க வேண்டுமானால் கை கழுவிக்கொண்டு வர வேண்டும். மூச்சு அதன்மேல் படக் கூடாது. புளியங்காய் கொடுத்தவர்களுக்கு இரண்டு தடவை. நான் அவள்கூட ஒரே பாயில் படுப்பவள். என்னையும் கை கழுவச் சொன்னாள்.

பொறாமை எங்கிருந்து வந்தது என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு நைனா வீட்டிலேயே இருந்தார். சுருட்டு நாற்றமும் மாட்டுச்சாணி நாற்றமுமாகத் தினமும் சாயங்காலம் வருவார். வேர்க்கடலையை மடியில் கட்டிக்கொண்டு வந்து என் பாவாடையில் கொட்டுவார். அவளுக்கு இருந்தது கடுகில் பாதிப் புள்ளி. அதைப் பார்த்து நான் வயிறெரிந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ஒருநாள், நைனாவும் கப்பலேறிப் போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பெருமாள் அன்றைக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. அதற்கு அவருக்கு இன்றைக்கும் கோடி நமஸ்காரம்.

பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் புது வாத்தியார் வந்திருந்தார். கடப்பைப் பக்கத்தவர். தமிழ் அரைகுறை. எங்களுக்குத் தெலுங்கு எழுத்தைக் கையைப் பிடித்து எழுதவைப்பார். ஊரில் பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. "நம்ம ஊர ஆந்திராவுல சேத்துக்கத்தான் இவர இட்டாந்து வெச்சிகீறாங்க" என்று சாவடியில் பேசினார்கள். பாவம், அவர் வந்தது வயிற்றுப் பிழைப்புக்கு.

அவர் தபால்தலையைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, அத்தை மகள் கை மேலேயே வைத்துப் பார்த்தார். பிறகு பலகையில் அந்தத் தோட்டத்தை சாக்கட்டியால் அப்படியே வரைந்து, மரத்துக்கு ஒரு பெயர், பாதைக்கு ஒரு பெயர் என்று தெலுங்கு வார்த்தை எல்லாம் அதை வைத்தே சொல்லிக்கொடுத்தார். அத்தை மகளை முன் வரிசையில் உட்காரவைத்தார். முன் வரிசை அதுவரை என் இடம். நான் ஒரு வரிசை பின்னால் போனேன். பலகைத் தோட்டத்தை மூன்று நாள் அழிக்கவில்லை.

கார்த்திகை மாதம் எல்லை பார்க்கிற ஆபீஸர்கள் ஜீப்பில் வந்தார்கள். எந்த ஊர் தமிழ் ஊர், எந்த ஊர் தெலுங்கு ஊர் என்று விசாரிக்கிறார்கள் என்று சொன்னார்கள். ஆண்கள் எல்லாரும் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு சாவடியில் கூடினார்கள். பிள்ளைகளை அழைத்துப் போக மாட்டார்கள். நான் நைனாவின் துண்டைப் பிடித்துக்கொண்டு நானும் வருகிறேன் என்று கெஞ்சினேன்.

"ஆம்பளைங்க பேசற எடத்துல உனுக்கு இன்னா வேல? ஊட்ல இரு" என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே எட்டி அத்தை மகளைக் கூப்பிட்டார். "அந்த ஸ்டாம்ப எத்துக்கினு வாடி கண்ணு. ஆபீஸருக்குக் காட்டலாம்."

அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார். என் நைனா. அவள் கால்கள் இரண்டும் அவர் மார்பில் தொங்கின. நான் பின்னாலேயே போய் சாவடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். நைனா குரல் கேட்டது. "எங்க ஊரு ஆளு வளத்த தோட்டம் சார். சீமையில ஸ்டாம்பு போட்டுகீறாங்க. எங்க மச்சான் சார்." ஆபீஸர் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. உயரத்தில் இருந்தாள் அல்லவா.

அதிலிருந்து நான்காம் நாள் அத்தை மகள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது பவுடர் டப்பாவைத் திறந்தேன்.

எனக்குத் திருடும் எண்ணம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இருந்தது. ஒருநாள் ஒளித்து வைத்து அவளை அழவிட வேண்டும். அதற்குப் பிறகு நானே கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி கொடுக்க வேண்டும். நைனா என்னையும் தூக்குவார். இப்படியெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதற்குள் ஈரப் பாவாடையோடு அவள் வருகிற சத்தம். நான் நின்ற இடம் சாமி மாடத்துக்கு எதிரில். வீட்டில் யாரும் கை வைக்காத பொருள் ஒன்றுதான். முடிப்பை எடுத்தேன். அவிழ்க்கவில்லை. திருடுகிறேன், ஆனால் முடிப்பை அவிழ்க்கிற பாவம் வேண்டாம் என்று பார்த்தேன் பாருங்கள்! முடிச்சுக்கு அடியில், துணி மடிப்பு இரண்டும் சேருமிடத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. கண்ணாடித்தாளோடு சுருட்டி, விளக்குத் திரி தூண்டுகிற பித்தளைக் குச்சியால் உள்ளே தள்ளிவிட்டேன். படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன்.

"இன்னாடி, இந்நேரத்துல சாமி கும்பிட்டுகினு கீற?" என்றாள் அவள், தலையைத் துவட்டிக்கொண்டே.

"சும்மாதான்."

"எனுக்கும் சேத்து கும்புடு. சளி புடிச்சிகீது."

சாயங்காலம் டப்பாவைத் திறந்தாள். நான் நினைத்த மாதிரி அவள் அழவில்லை. வீடு முழுக்கத் தேடினாள். அரிசிக் குதிருக்குப் பின்னால், பாயைச் சுருட்டி, மாட்டுத் தொட்டியில் கைவிட்டு. இருட்டுவதற்குள் நாலு தடவை தெருவைப் பெருக்கினாள். ஒவ்வொரு குப்பையையும் பிரித்துப் பார்த்தாள். நானும் கூடவே தேடினேன். நன்றாகத் தேடினேன்.

மறுநாள் யாரும் பார்க்காதபோது முடிப்பை எடுத்துக் குச்சியால் வெளியே இழுக்கப் பார்த்தேன். குச்சி பட்டதும் அது இன்னும் உள்ளே போயிற்று. இன்னொரு நாள் விரலால் நோண்டினேன். மொறுமொறு என்று உள்ளே சத்தம் மட்டும் கேட்டது. அவிழ்த்தால் மாமா கப்பலோடு முழுகிவிடுவார் என்று நான் நம்பினேன். அவிழ்க்காமல் எடுக்கவும் வழியில்லை. அப்படியே வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் அத்தை அதை அழுத்தாமல் கண்ணில் ஒற்றிவிட்டு வைத்துவிடுவாள், அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. "வாத்தியாருதான் அத மொறச்சு மொறச்சுப் பாத்துகினு இருந்தாரு" என்று யாரோ ஆரம்பித்தார்கள். வேறு யாரோ, "அந்த ஊருக்காரங்க ஊரையே எடுத்துக்கப் பாக்கறாங்க, ஒரு தாள எடுக்க மாட்டாங்களா?" என்றார்கள். நைனாவும் நாலு பேருமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அப்போது நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம்.

நைனா சத்தம் போடவில்லை. "ஐயா, குழந்த பொருளு. இருந்தா குடுத்துடுங்க. நாங்க ஒண்ணும் பேச மாட்டோம்" என்றுதான் சொன்னார். அந்த மரியாதைதான் வாத்தியாருக்கு அதிகமாகச் சுட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையில்தான் அவர் தங்கியிருந்தார். உள்ளே போய்த் தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் எல்லார் எதிரிலும் கவிழ்த்தார். இரண்டு வேட்டி, ஒரு சட்டை, ராமர் படம், சீப்பு, ஊறுகாய் ஜாடி ஒன்று. ஜாடி உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"சூடண்டி" என்றார். "அன்னீ சூடண்டி."

எல்லாவற்றையும் பாருங்கள் என்கிறார். யாரும் குனிந்து பார்க்கவில்லை. அவர் எடுத்திருக்க மாட்டார் என்றும் யாரும் சொல்லவில்லை. அத்தை மகள் மட்டும் எழுந்து போய் ஊறுகாய் ஜாடியை எடுத்துக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் பின் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு ஸ்லேட்டில் பதினாறாம் வாய்ப்பாடு எழுதினேன். தப்பில்லாமல் எழுதினேன்.

பொங்கலுக்கு முன்னால் வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் பெட்டியை அவரே சுமந்துகொண்டு போனார். வழியனுப்ப யாரும் போகவில்லை.

தை மாதக் கடைசியில் ஒருநாள் காலையில், குடையும் இரண்டு பெட்டியுமாக ஒரு மனுஷர் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். மொட்டைத் தலை, கறுத்த முகம், முழங்கால் வரைக்கும் கால்சட்டை. அத்தை சாணி கரைத்துக்கொண்டிருந்தவள், கையோடு அப்படியே நின்றுவிட்டாள். மாமா.

"போறப்போ மதராஸ்ல இருந்து போனேன். வர்றப்போ ஆந்திராங்கறாங்க. ஊரு அதே எடத்துலதான் கீதா, நகத்திட்டீங்களா?" என்றார் நைனாவிடம். நைனா சிரித்துக்கொண்டே அழுதார்.

எல்லாரும் அத்தை மகளை முன்னால் தள்ளினார்கள். அவள் போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவரு தலையில துண்டு கட்டிக்கினு இருப்பாரு. இவரு மொட்டத் தல" என்றாள்.

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. "ஸ்டாம்ப எத்துக்கினு வா கண்ணு. நான் எங்க கீறேன்னு காட்டறேன். அப்ப நம்புவ" என்றார்.

 அத்தைதான் சொன்னாள், வாத்தியார் எடுத்துக்கொண்டு போய்விட்டதாக. "ஸ்கூலுக்கு எத்துக்கினு போவாதடின்னு தலபாடா அடிச்சிகினேன், கேட்டாளா இவ" என்று மகள் முதுகில் ஒன்று வைத்தாள். மாமா அத்தையின் கையைப் பிடித்தார். "தாளுதான போச்சு. ஆளு வந்துட்டேன் இல்ல" என்றார்.

ஆனால் அவளுக்குத் தாள்தான் ஆள். ஒரு வாரம் அவள் மாமா பக்கத்தில் போகவே இல்லை. அவர் கொண்டுவந்த பிஸ்கோத்தை என்னிடம் கொடுத்தனுப்பினால்தான் வாங்கிக்கொள்வாள். "அவரு" என்பாள், நைனா என்று சொல்லவே மாட்டாள். மாமா கொல்லையில் அவளுக்காகச் செம்பருத்திச் செடியைக் குடம் கவிழ்த்த மாதிரி வெட்டிவிட்டார், அந்தத் தபால்தலையில் இருந்த மாதிரியே. வெட்டிவிட்டு அவள் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள். நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் போதும். முடிப்பில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை. மாமா வந்தாகிவிட்டது, வேண்டுதல் பலித்தாகிவிட்டது, பெரியவர்கள் ஏதாவது பரிகாரம் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது தெரிந்தே இருந்தது. அத்தை தனியாக இருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். "இன்னா வேணும்?" என்றாள். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். பயம் பாதி. மீதிப் பாதியை இத்தனை வருஷம் கழித்து இங்கே எழுதுகிறேன். ஒரு பெண் அப்பாவை வேண்டாம் என்கிறாள், அதற்காகவே அந்த அப்பா அவள் பின்னாலேயே சுற்றுகிறார். நான் வேண்டாம் என்று சொன்னால் என் பின்னால் யார் வருவார்கள்? அவளுக்கு எல்லாம் இருக்கும்போது அந்த ஒன்று இல்லாமலே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மாசி மாதம் திருப்பதிக்குப் போனோம். எல்லாரும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, மலையடிவாரத்தில் அலிபிரியில் தேங்காய் உடைத்து, படியேறினோம். அத்தை முடிப்பை மடியில் கட்டியிருந்தாள். ஒவ்வொரு படியிலும் கோவிந்தா கோவிந்தா என்று மற்றவர்கள் சொல்ல, எனக்கு அத்தை மடியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. காலிகோபுரம் தாண்டி உட்கார்ந்தபோது அத்தை மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.  மேலே போய் முடி கொடுத்துவிட்டு, கோனேரிக் குளத்தில் முழுகிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பெருமாளைப் பார்த்தோம். பார்த்தேனா என்று கேட்டால், கறுப்பாக ஒரு உயரம், பூ வாசனை, கற்பூரம், அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

வெளியே வந்தால் உண்டியல். வெள்ளைத் துணி கட்டின பெரிய கொப்பரை. பிள்ளைகளுக்கு எட்டாது. அத்தை மடியிலிருந்து முடிப்பை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். "உங்க நைனாவுக்காக வெச்சது. நீயே போடு." மாமா கேட்காமலே அவளைத் தூக்கினார். அவள் விறைத்துக்கொண்டு, கையை அவர் மேல் படாமல் மடக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

உண்டியல் வாய்க்கு நேராக முடிப்பைக் கொண்டுபோனவள் நின்றாள். விரலால் அழுத்தினாள். எனக்குக் கேட்கவில்லை. ஜனங்கள் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் அவளுக்கு அந்தக் கண்ணாடித்தாள் விரலில் தெரிந்துவிட்டது. இன்னொரு தடவை அழுத்தினாள். பிறகு திரும்பி, அத்தனை தலைகளுக்கு மேலே இருந்து, என்னைத் தேடிப் பார்த்தாள். நேராக என்னை.

பின்னால் இருந்தவர்கள் "ஜருகண்டி, ஜருகண்டி" என்று தள்ளினார்கள். "போடும்மா" என்றார் மாமா.

அவள் கத்தியிருக்கலாம். நான் திருடி என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். முடிப்பை அவிழ்த்திருக்கலாம், அவள் குழந்தைதானே. அவள் தன் இடது கையை மாமா கழுத்தில் சுற்றிப் போட்டாள். முடிப்பைப் பிடித்திருந்த வலது கையை விட்டாள்.

இறங்கி வந்ததும், "நைனா, கால் நோவுது, தூக்கு" என்றாள். மாமா அவளை லட்டு வாங்குகிற இடம் வரைக்கும் தூக்கிக்கொண்டே போனார். கண்ணைத் துடைக்க அவருக்குக் கை இல்லை.

கோனேரிப் படிக்கட்டில் உட்கார்ந்து லட்டு சாப்பிட்டோம். பெரியவர்கள் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள். அவள் தன் லட்டில் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"துன்னு" என்றாள். "இனிமே அது உன்தும் இல்ல, என்தும் இல்ல."

"சொல்லிடுவியா?"

"யாருக்கு? வாத்தியாரு பூட்டாரே" என்றாள்.

அவளுக்கு வாத்தியார் நினைவு வந்தது. எனக்கு வரவில்லை. அன்றைக்கு என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பெருமாள் என்னை மன்னிக்க மாட்டார். முன்பு அவளுடைய தபால்தலைக்காகப் பொறாமைப்பட்டேன். அன்றிலிருந்து அவள் கையை விட்டாளே, அதற்காகப் பொறாமைப்பட்டேன். தபால்தலையையாவது திருட முடிந்தது.

சில வருஷம் கழித்து எல்லை முடிவாயிற்று. அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் திருத்தணிப் பக்கம். அது மதராஸோடு போயிற்று. என்னைச் சித்தூரில் கொடுத்தார்கள். நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வோம். கொள்ளு ரசம் பற்றியும் மருமகள் பற்றியும் பேசுவோம். இதைப் பற்றி அவளும் பேசினதில்லை, நானும் கேட்டதில்லை. மாமாவும் அந்தப் புள்ளி அவர்தானா என்று யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். முத்திரை மையின் துளியாகக்கூட இருந்திருக்கும். இப்போது தோன்றுகிறது. போன ஆடியில் அவளும் போய்விட்டாள். எடுக்கிற அன்று நான் போனேன். கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

பதினோராம் நாள் எங்கள் பிறந்த ஊரிலிருந்து வந்திருந்த ஒரு மருமகப் பெண் சமையலறையில் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி சிரித்துக்கொண்டே, "வாத்தியாரு பொட்டியில பாரு" என்றாள்.  யாரம்மா வாத்தியார் என்று கேட்டேன். "தெரியாது அத்தே. எங்க ஊர்ல எது காணாம போனாலும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. யாரோ ஒரு திருட்டு வாத்தியாராம்" என்றாள். எங்கள் ஊரில் அது பழமொழி ஆகிவிட்டது. பெட்டியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத் தானே சுமந்துகொண்டு போன மனுஷர். எங்கே போனார், என்ன ஆனார், பிள்ளைகள் உண்டா, ஒன்றும் எனக்குத் தெரியாது. விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் புரட்டாசிக்குக் காத்திராமல் எழுதினேன்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எங்கள் பக்கம் போகிறவர்கள், பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள், அந்தப் பழமொழி காதில் விழுந்தால் இதை எடுத்துப் படித்துக் காட்டுங்கள். வாயால் சொல்லாதீர்கள். வாயால் சொன்னதுதான் அப்படி ஆயிற்று. நான் எழுதினபடியே படியுங்கள். சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாராவது என் பக்கம் பேசுவார்கள். நல்ல மனசோடுதான் பேசுவார்கள். அதைச் சேர்க்க வேண்டாம். தெரிந்துதான் செய்தேன்.